வீகன் தம்பிக்கு ஒரு நேர்த்தி

ஆடி பிறந்தால் மன்னார்த் தீவுக்குக் கச்சான் காற்றும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் வந்து சேரும். காற்று கடலைக் குழப்பும்; பிள்ளைகள் குசினியைக் குழப்புவார்கள். தீவிலுள்ள கீரிக் கிராமத்து மக்களுக்கு இது பழக்கம். கிணற்றுத் தண்ணீருக்குப் பயப்படும் பிள்ளை, நுளம்புக்கு மூன்று வகைக் களிம்பு பூசும் பிள்ளை, கழுதையைக் கண்டால் படம் எடுக்காமல் நகராத பிள்ளை, எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. அண்மைக் காலமாக வந்திறங்கும் ஒருவரிடம் மட்டும்தான் ஊர் தோற்று நிற்கிறது. அவர்தான் வீகன் தம்பி.

வயது இருபத்தைந்துக்கு முன்பின் இருக்கும். பிறந்தது பாரிஸ். தாடி உண்டு. தோற்செருப்புப் போடமாட்டார். பையின் அடியில் அவசரத்துக்கு ஒரு பொதி முந்திரிப்பருப்பு வைத்திருப்பார். மீன், இறைச்சி, முட்டை, பால், தயிர், நெய், தேன் எதையும் தொடார். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வட்சன் என்பவரும் சில கூட்டாளிகளும் சேர்ந்து பெயர் வைத்து வளர்த்த கொள்கை இது. பாலும் முட்டையும் பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த யுத்தகாலத்தில் அவற்றை வேண்டாம் என்று சொன்னவர்கள் என்றால், அவர்களின் நெஞ்சுரத்தை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த நெஞ்சுரம் கீரியில் ஒரு மாமி வீட்டுப் பந்தியில் சோதிக்கப்பட்டதில்லை.

இந்தத் தீவு எத்தனையோ பேரைக் கண்டது. 1560இல் போர்த்துக்கேயர் வந்தார்கள். 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். கோட்டையைப் பிடித்தார்கள், வரி கேட்டார்கள், முத்தைக் கொண்டுபோனார்கள். மீன் வேண்டாம் என்று மட்டும் ஒருவரும் சொன்னதாகக் கேள்வியில்லை. முதன்முதல் சொன்னவர் சொந்த மருமகன்.

"இதில மீன் இருக்கோ, மாமி?"

"மீனே? அது கருவாடெல்லோ, தம்பி."

அடுத்த கோப்பையைக் காட்டுவார். "இதிலயும் கருவாடோ?"

"சீச்சீ, கருவாடில்லை. மாசி."

கடைசி நம்பிக்கையாகச் சம்பலைக் காட்டுவார். "இதுக்குள்ள மாசி போடேல்லைத்தானே?"

"மாசி போடேல்லை ராசா. மாசித்தூள். ருசிக்கு ஒரு சிட்டிகை."

மாமி பொய் சொல்லும் மனுசியல்ல. அவருடைய சட்டதிட்டத்தில் மீன் என்றால் தலையும் வாலும் வைத்துத் தட்டில் கிடக்கவேண்டும். மிச்சமெல்லாம் உப்பு, புளி வகை. இதற்கு வேதத்திலும் ஆதாரம் உண்டு. தவக்காலத்து வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்றால் இறைச்சிக்குத்தான் தடை. பெரிய வெள்ளியிலும் மீனுக்குத் தடையில்லை. இராயப்பர் வலைகாரர், அவர் சகோதரர் பிலவேந்திரர் வலைகாரர். ஆண்டவர் உயிர்த்து வந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டபோது சீடர்கள் எடுத்துக் கொடுத்ததும் மீன். இவ்வளவுக்கும் பிறகு ஒரு பிள்ளை மீனைத் தள்ளிவைத்தால் மாமிக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. "நீ என்ன, சைவத்துக்கு மாறிட்டியோ? சுவாமிக்குத் தெரியுமோ?"

இனிக் கடைச் சாப்பாடுதான் கதி என்று தம்பி மன்னார்ப் பட்டினத்துக்குச் சைக்கிள் மிதிப்பார். கண்ணாடிப் பெட்டிக்குள் மாலுபாண், மீன் ரோல்ஸ், முட்டை ரொட்டி என்று வரிசையாக அடுக்கியிருக்கும். மரக்கறிக் கொத்து கேட்பார். வரும். முட்டை வேண்டாம் என்பார். முதலாளி ஒரு கணம் யோசித்துவிட்டு ஒத்துக்கொள்வார். தகரக் கத்திகள் டகடகவென்று பேசத் தொடங்கும். கடைசி நேரத்தில், பழக்க தோசத்தில், ஒரு கரண்டி கோழிக் குழம்பு ரொட்டியின் மேல் விழும். "குழம்பு விடாட்டி அது கொத்தில்லைத் தம்பி, வெறும் சத்தம்." வெளியே வந்து பார்த்தால், பட்டினத்தில் பரம்பரை பரம்பரையாக வீகனாக வாழ்கிறவை வீதியில் திரியும் கழுதைகள்தான். அவையும் காட்போட் பெட்டியைத் தின்றுகொண்டு நிற்கும்.

அப்போது யாராவது ஒருவர் திருக்கேதீச்சரத்துக்குப் போகச் சொல்வார். நல்ல யோசனைதான். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலம் தாண்டினால் கிட்ட. மடத்தில் மச்ச வாடையே இருக்காது. தம்பி இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு இருப்பார். சோற்றின் மேல் நெய் வரும், வேண்டாம். தயிர் வரும், வேண்டாம். பாலும் நெய்யும் விட்ட பொங்கல், மோர், பாயாசம் எல்லாம் வரும், எல்லாம் வேண்டாம். பரிமாறுகிற பெரியவர் வாளியை நிலத்தில் வைத்துவிட்டு இவரை ஏற இறங்கப் பார்ப்பார். "தம்பி வேதக்காரரோ?"

கீரியில் சைவம், கேதீச்சரத்தில் வேதம். இரண்டு சமயமும் சேர்ந்து ஒதுக்கிவைத்த மனிதர் இந்தத் தீவுப்பக்கம் வேறு ஒருவர் இருக்கமாட்டார்.

மாமாவுக்கு மட்டும் இந்தக் கொள்கையில் மெல்ல மெல்லப் பிடிப்பு வரும். பின்னேரம் ஒரு போத்தலோடு வந்து திண்ணையில் குந்துவார். "கள்ளு மரத்தில இருந்து வடியிறது. ஒரு மாடும் அழேல்லை. அப்ப இது உங்கட கொள்கைக்குச் சரிதானே?" தம்பி சரி என்பார். அடியில் ஒரு தேனீ மிதக்கும். மாமா அதைச் சுண்டிவிட்டு, "அது தானா வந்து விழுந்தது" என்று தீர்ப்புச் சொல்வார். பனங்கட்டியும் பிளேன்ரீயும் போதுமென்று தம்பி ஆறுதல்பட்டால், ஏ.எல். படிக்கிற மச்சாள் அதையும் விடமாட்டாள். "பதநீருக்கு முட்டியில பூசுற சுண்ணாம்பு சிப்பி சுட்டு எடுக்கிறதெல்லோ, அத்தான்?"

இதெல்லாம் சிரிப்புக்கு. மாமியின் பிடிவாதத்துக்குக் காரணம் வேறு. 1990இல் இந்தக் கரைகளிலிருந்து வள்ளமேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் கிடந்தவர்களில் அவரும் ஒருவர். கறி இல்லாத நாட்களையெல்லாம் பருப்போடு தள்ளியவர். கடல் குழம்பி வள்ளம் இறங்காத நாளில் வீட்டில் ஆக்குவதும் பருப்பும் முருங்கையிலையும்தான். அப்படியொரு சாப்பாட்டை, மாமாவின் அக்கா பிள்ளை கடல் கடந்து வந்த நாளில் எப்படி இலையில் வைப்பது? தம்பி உலகத்தைக் காப்பாற்றக் கேட்கிற அதே பருப்பு, மாமிக்கு இல்லாமையின் அடையாளம். சூழல் மாசு, மிருக உரிமை என்று தம்பி விளங்கப்படுத்துவார். மாமிக்குக் கேட்பது ஒன்றே ஒன்று: என்ர கையால சமைச்சதை வேண்டாம் எண்டிட்டான்.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பவர் அம்மம்மா. வாசலில் இருந்து வெற்றிலை இடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் அயலட்டைக்குக் கேட்கிறமாதிரிச் சொல்வார்: "பிள்ளை மடுமாதாவுக்கு நேர்த்தி வச்சிருக்கு. ஒருத்தரும் ஒண்டும் கேக்காதேங்கோ."

அவ்வளவுதான். தன் கொள்கைக்காக வேண்டாம் என்றபோது செருக்கனாகத் தெரிந்தவர், மாதாவுக்காக வேண்டாம் என்றதும் ஒரே இரவில் பக்தனாகிவிடுவார். தனிச் சட்டி வரும், தனி அகப்பை வரும். ஒரு வீட்டில் முருங்கையிலைச் சொதி, மற்ற வீட்டில் பலாக்கொட்டைக் கறி. இடியப்பம், பிட்டு, மாசி படாத இடிச்ச சம்பல், புழுக்கொடியல். நண்டும் இறாலும் இல்லாத ஒடியற்கூழைக் கனவிலும் நினைக்காத ஊர், பயற்றங்காயும் மரவள்ளியும் போட்டு அதையும் காய்ச்சிக் கொடுக்கும். தேங்காய்ப்பாலில் சமைக்கிற ஊருக்கு மாட்டுப்பாலே தேவைப்படவில்லை என்பதைத் தம்பி அப்போதுதான் கண்டுபிடிப்பார். பாரிஸில் விலை கொடுத்துத் தேடிய சாப்பாடு அம்மம்மாவின் அடுப்படியில் சும்மா கிடந்திருக்கிறது. அதை விருந்தென்று சொல்ல ஒரு மாதா தேவைப்பட்டிருக்கிறார்.

நேர்த்திக்குப் பக்கவிளைவுகளும் உண்டு. என்ன நேர்த்தி என்று ஊர் கேட்கவில்லை, தானே முடிவுகட்டிவிட்டது. கலியாணம்தான். பொம்பிளைப் படங்கள் வரத் தொடங்கும். இரண்டாவது விளைவு இன்னும் கடுமையானது. மடுவில் பெரிய திருவிழா ஆவணி 15. அன்றைக்கு நேர்த்தி முடிகிறது என்பது அம்மம்மாவின் கணக்கு. பதினாறாம் திகதிக்கென்று மாமா இப்போதே கடற்கரையில் சொல்லிவைத்துவிட்டார்: சினை நண்டு, பெரிய இறால், ஒரு முழுப் பாரை.

ஆகவே வீகன் தம்பிமாருக்கு ஒரு புத்தி: கீரிக்கு வருவதென்றால் திரும்பிப்போகும் ரிக்கெற்றை ஆவணி 15 இரவுக்கே போட்டுவிடுங்கள். முடியாவிட்டால் நேர்த்தியை ஆயுள்காலத்துக்கு நீட்டி, சுவாமியாராகப் போவதாகச் சொல்லிவிடலாம். பொம்பிளைப் படங்களும் நின்றுவிடும்.