வெறுங்கைக்கு வேலை

கேள்வி: பிறந்தநாள் வீடுகளிலும் பாடசாலை விழாக்களிலும் மெஜிக் காட்டிப் பிழைக்கிறேன். நோன்பு மாதம் வந்தால் ஷோ இல்லை. மாரி வந்தால் மேடையே இல்லை. இந்த நேரத்தை எப்படிப் போக்குவது?
– மெஜிக் காக்கா, சாய்ந்தமருது

பதில்: ஆளையே மறைய வைக்கிற உங்களுக்கு நேரத்தைப் போக்க நான் சொல்லித் தர வேண்டுமா? போக்காதீர்கள், பிடித்து வையுங்கள். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நெல்சன் டவுன்ஸ் என்றொரு இளைஞர் ரயில்வேயில் தந்தி அடிக்கும் வேலை பார்த்தார். வேலை ஓய்ந்த நேரமெல்லாம் வெள்ளிக் காசுகளை விரல்களில் உருட்டிக்கொண்டே இருந்தார். வெறுங்காற்றில் காசு காசாகப் பிடித்துத் தொப்பியில் போடுகிற வித்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஆனது. 1899இல் லண்டன் மேடைவரை போனார். ‘காசுகளின் அரசர்’ என்பது அவர் பட்டம். ரயில் வராத நேரம்தான் அவரை ஆளாக்கியது. நமக்கோ தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. உங்களுக்கு அவரைவிட நேரம் அதிகம்.

கேள்வி: யூடியூப்பில் எல்லா ரகசியமும் வந்துவிட்டது. இனி என்ன மெஜிக்?
– பல்கலைக்கழக மாணவன், ஒலுவில்

பதில்: புரியாணி ஆக்கும் விதமும் யூடியூப்பில் இருக்கிறது. கலியாணத்துக்கு ஏன் சமையல்காரரைத் தேடி அலைகிறீர்கள்?

கேள்வி: கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகும்போது எனக்கே என் கை தெரியவில்லை. மேடையில் மட்டும் முன்வரிசைப் பொடியன்கள் பிடித்துவிடுகிறார்கள். எங்கே பிழை?
– புதிய வித்தைக்காரன், நிந்தவூர்

பதில்: உங்களுக்கே தெரியவில்லை என்கிறீர்களே, அங்கேதான் பிழை. ரகசிய வேலை நடக்கிற நொடியில் பழகாத வித்தைக்காரனின் கண் தானாக மூடிக்கொள்ளும். கண்ணை மூடியவனுக்குக் கண்ணாடி எதைக் காட்டும்? கைபேசியில் பதிவு செய்து பாருங்கள், அசடு வழிவது தெரியும். கைபேசியையும் உங்கள் கண் உயரத்தில் வைக்காதீர்கள், பாயில் வையுங்கள். பிள்ளைகள் பாயில் இருந்துதான் பார்க்கிறார்கள், உங்கள் உள்ளங்கையின் அடிப்பக்கம் அவர்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று: ‘இந்தக் கையைப் பாருங்கள்’ என்றால் பெரியவர்கள் மரியாதைக்குப் பார்ப்பார்கள். பொடியன் மற்றக் கையைத்தான் பார்ப்பான். ஓய்வு நாளில் அயல்வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூப்பிட்டு இருத்திப் பழகுங்கள். உம்மாவிடம் காட்டிப் பாராட்டு வாங்குவது பயிற்சியில் சேராது.

கேள்வி: சீட்டுக்கட்டை எடுத்தாலே வாப்பா ஏசுகிறார். சீட்டு இல்லாமல் மெஜிக் படிக்க முடியுமா?
– இளைஞன், மருதமுனை

பதில்: முடியும். வாப்பாவோடு மல்லுக்கட்டி ஓய்வு நேரத்தை வீணாக்காதீர்கள். கேரளத்தில் வாழக்குன்னம் நம்பூதிரி என்ற மேதைக்குப் பெயர் வாங்கித் தந்தது செப்பும் பந்தும்: சின்னக் கிண்ணங்கள், கீழே சில பந்துகள், அவ்வளவுதான். நம் தெருக்களில் வித்தை காட்டி வந்தவர்களின் மூட்டையிலும் இதுதான் இருந்தது. கயிறு, காசு, லேஞ்சி என்று இன்னும் எவ்வளவோ உண்டு. அதிலும் லேஞ்சிக்கு, தறி ஓடும் ஊர்க்காரரான உங்களைவிட வாய்ப்புள்ளவர் யார்? வித்தைத் துணி உள்ளங்கைக்குள் பாக்களவுக்கு அடங்க வேண்டும், விட்டதும் பூவாய் விரிய வேண்டும். கடைத் துணி எல்லாம் அப்படி நடக்காது. எந்த நூல் அடங்கும், எது முரண்டு பிடிக்கும் என்று உங்கள் ஊர்த் தறிக்காரரைக் கேளுங்கள். ஒரு பின்னேரம் அவர் பக்கத்தில் குந்தியிருந்தால், பத்து வீடியோ சொல்லாததைச் சொல்வார்.

கேள்வி: மெஜிக் ஹராமா, ஹலாலா?
– பெயர் வேண்டாம், அக்கரைப்பற்று

பதில்: பத்வா கேட்கிற இடம் இந்தப் பத்தி இல்லை, ஆலிமிடம் போங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ‘இது என் கை வேகம்’ என்பவன் தொழிலாளி. ‘ஜின் என் கையில், புதையல் எடுத்துத் தருகிறேன்’ என்பவன் களவாணி. வேலை இல்லாத மாதங்களில் இரண்டாமவனாகச் சறுக்குவது சுலபம், காசும் கூடக் கிடைக்கும். கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்று இல்லாமல் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் சவால் விட்டார். அன்றைய ஒரு இலட்சம்! 1978இல் அவர் மறையும்வரை அந்தக் காசை யாரும் வாங்கவில்லை. ஓய்வு நேரத்தில் ஊருக்கு உபகாரம் செய்ய நினைக்கும் மெஜிக்காரர், போலிகள் எப்படிச் சுடரை விழுங்குகிறார்கள், எப்படிச் சாம்பல் கொட்டுகிறார்கள் என்று பாடசாலைப் பிள்ளைகளுக்கு விளக்கலாம். (சக மெஜிக்காரரின் மேடை ரகசியத்தை அல்ல, அது துரோகம்.)

கேள்வி: ஓய்வில் இருக்கும்போது புதுச் சாமான்கள் வாங்கிச் சேர்க்கலாமா?
– வித்தைக்காரர், கல்முனைக்குடி

பதில்: முதலில் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். கடற்காற்றில் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். எண்ணெய் விடுங்கள். புறா இருந்தால் அதற்குத் தீனி போடுங்கள், அதற்கு சீசன் கிடையாது.

கேள்வி: ஊட்டுக்காரர் சும்மா இருக்கும் நாளெல்லாம் பிள்ளைகளின் காதில் இருந்து காசு எடுக்கிறார். கடைக்குக் காசு கேட்டால் கையை விரிக்கிறார்!
– மெஜிக்காரர் மனைவி, சம்மாந்துறை

பதில்: தங்கச்சி, அந்த விரித்த கையில் ஒரு கொப்பியைக் கொடுங்கள். எந்த வீட்டில், எந்தத் தேதியில், எந்த வித்தை காட்டினார், எவ்வளவு வாங்கினார், எது எடுபட்டது, எது சொதப்பியது என்று எழுதட்டும். அடுத்த வருசம் அதே பிள்ளையின் பிறந்தநாளுக்கு அதே முட்டையை உடைக்காமல் இருக்கலாம். பெருநாள் சீசனில் வந்ததில் எவ்வளவு எடுத்து வைத்தால் மாரியைக் கடக்கலாம் என்ற கணக்கும் அதே கொப்பியில் வரும். கொப்பியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மறைத்து வைப்பதில் அவர் கெட்டிக்காரர்.

கேள்வி: அறுகம்பேயில் வெள்ளைக்காரர்களுக்கு ஷோ கேட்கிறார்கள். எனக்கு ஆங்கிலம் வராது.
– கலைஞன், பொத்துவில்

பதில்: அங்கே சீசன் மே முதல் ஒக்டோபர் வரை. மிச்ச மாதங்கள் உங்களுடையவை. ஆங்கிலம் முழுவதும் வேண்டாம், உங்கள் ஷோவுக்கு வேண்டிய வசனங்களை மட்டும் எழுதி, தெரிந்த ஆசிரியரிடம் திருத்தி, நாக்கில் ஏற்றுங்கள். அதோடு சிங்களத்திலும் ஏற்றுங்கள், அம்பாறை டவுனிலும் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வருகிறது.

பேச்சைப் போலவே மணிக்கூட்டையும் பழக வேண்டும். வங்காளத்து மெஜிக்காரர் பி.சி. சர்க்கார் 1956 ஏப்ரலில் பிபிசி தொலைக்காட்சியில் 17 வயதுப் பெண்ணை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். பெண் எழும்பவில்லை. அதற்குள் நிகழ்ச்சியின் நேரம் முடிய, அறிவிப்பாளர் குறுக்கே வந்து முடித்துவிட்டார். கண் முன்னால் கொலை நடந்துவிட்டது என்று பயந்து பார்த்தவர்கள் பிபிசிக்குத் தொலைபேசி எடுத்துத் தள்ளினார்கள். சர்க்கார் வேண்டுமென்றே இழுத்தாரா என்று இன்னும் பேசுகிறார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை, அவர் மணிக்கூட்டோடு பழகிய ஆள்.

கேள்வி: ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் வார்ட்டில் இலவசமாகக் காட்ட ஆசை. சரியா?
– கலைஞன், கல்முனை

பதில்: சரி. ஆனால் காட்டுவதோடு நிற்காதீர்கள். அமெரிக்க மெஜிக்காரர் டேவிட் கொப்பர்ஃபீல்ட் 1982இல் தொடங்கிய திட்டம் ஒன்றில், நோயாளிகளுக்கே வித்தை கற்றுக் கொடுக்கிறார்கள். கயிற்றில் முடிச்சுப் போட்டு அவிழ்ப்பதும் காசை விரல் விட்டு விரல் மாற்றுவதும் பக்கவாதம் வந்த கைக்கும் பயிற்சி. வெறும் பந்தைப் பிசையச் சொன்னால் அலுத்துவிடும். மற்றவருக்குத் தெரியாத ஒன்று தன் கையில் இருக்கிறது என்றால் நோயாளி தானாகவே பழகுவார். திருவனந்தபுரத்தில் கோபிநாத் முதுகாடு என்ற மெஜிக்காரர் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக ஒரு கலை நிலையமே நடத்துகிறார். அதற்காக 2021இல் காசு வாங்கும் மேடையையே விட்டார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அஷ்ரப் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. டொக்டரிடம் அனுமதி கேளுங்கள், பயிற்சி கொடுப்பவரிடம் எந்த விரலுக்கு வேலை வேண்டும் என்று கேளுங்கள், கையைக் கழுவிவிட்டுப் போங்கள். படுக்கையில் கிடக்கும் பிள்ளையோடு படம் பிடித்துப் பேஸ்புக்கில் போடுவதாக இருந்தால், போகவே வேண்டாம்.

கேள்வி: எந்நேரமும் தொழில், பயிற்சி என்கிறீர்களே, மெஜிக்காரனுக்கு ஓய்வே கிடையாதா?
– மீண்டும் மெஜிக் காக்கா, சாய்ந்தமருது

பதில்: உண்டு. கைவிலங்குகளைக் கழற்றி வெளியேறும் வித்தைக்காரர் ஹூடினி, 1910இல் அவுஸ்திரேலியாவில் ஷோ காட்டப் போன இடத்தில் சொந்த விமானம் ஒன்றை ஓட்டிப் பறந்தார். அந்த நாட்டில் நடந்த முதல் பறப்புகளில் அதுவும் ஒன்று. மெஜிக்குக்கு அதனால் சல்லிக்காசு பயனில்லை, அவருக்கு ஆசை, பறந்தார். உங்களுக்கு விமானம் வேண்டாம், அஸருக்குப் பிறகு கடற்கரைக்குப் போங்கள். யாராவது ‘காக்கா, ஒரு மெஜிக் காட்டுங்களேன்’ என்று வந்தால், இன்றைக்கு லீவு என்று சொல்லிவிட்டுக் கடலையைக் கொறியுங்கள்.