ஒன்றரை ஷிப்ட் ஞானம்

சென்னையில் மரண கானா பாட ஒருவர் செத்தாக வேண்டும். திருப்பூர் வேலம்பாளையத்துப் பாட்டுக்காரர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. செல்போனில் சார்ஜ் இருந்தால் போதும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து, லைன் வீட்டுக்கு வந்து, சத்தம் விழாமலிருக்க ஃபேனை அணைத்துவிட்டு, சொந்த மெட்டில் சாவைப் பாடி ஏற்றிவிடுகிறார்கள்.

மெச்சத்தக்க தொண்டு. ஞானம் பெறப் பட்டினத்தார் வணிகத்தையே கைவிட வேண்டியிருந்தது. இங்கே ஷிப்மெண்ட்டுக்குப் பங்கமில்லாமல் ஞானம் கிடைக்கிறது. அவரைத் திருத்தக் காதில்லாத ஊசி ஒன்று போதுமாக இருந்ததாம். திருப்பூரின் பின்னல் எந்திரங்களில் காதில்லாத ஊசிகள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடே இல்லை.

உடம்பு நிலையில்லை, காசு நிலையில்லை, புகழ் நிலையில்லை: மூன்று சரணம். நான்காவது சரணம், லைக் போடுங்க, மறக்காம பெல் பட்டனை அமுக்குங்க. சங்குக்குப் பதில் மணி, அவ்வளவுதான்.

அடுத்து, ஏற்றுமதி பனியனின் கழுத்து லேபிளில் துவைக்கும் முறைக்குக் கீழே, ‘சாயமும் போகும், நீயும் போவாய்’ என்று அச்சிடலாம். ஐரோப்பாவும் கடைத்தேறட்டும்.

நிலையாமைப் பாடகர்களுக்கு ஒரே கவலை, அடுத்த வீதிக்காரர் மெட்டைத் திருடிவிடுவாரோ என்பதுதான். அஞ்ச வேண்டாம். நம் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவர் இறந்த பின்பும் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. அந்தக் கணக்கும் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியில்தான் தொடங்கும். ஆகவே சாவதென்றால் ஜனவரி முதல் வாரம் உத்தமம். ஏறக்குறைய ஒரு வருஷம் உபரி. தீபாவளிக்குக் கேட்டும் கிடைக்காத போனஸ்.