ரூம் தேடி வந்த மவராசனுக்கு

இன்னா தம்பி, முதுகுல மூட்டை, கையில செல்போன், மூஞ்சியில கவலை? ரூம் தேடறியா? வாடகை கம்மியா இருக்கணும், கடல் தெரியணும், வெந்நீர் வரணும், சத்தமே கேக்கக் கூடாது. ஆசை தப்பே இல்ல. இந்த வயசுல எனக்கும் பல்லு முளைக்கணும்னு ஆசைதான்.

நம்ம செங்கல்பட்டுச் சீமையில ராத்திரி தங்கறது பெரிய மனுசங்களுக்கே கூடி வரல, தெரியுமா? 2019 அக்டோபர்ல சீன அதிபர் மாமல்லபுரம் வந்தாரு. கடற்கரைக் கோயிலாண்ட விருந்தெல்லாம் ஆச்சு. படுக்கறதுக்கு மட்டும் கிண்டிக்குப் பூட்டாரு. திருக்கழுக்குன்றத்துக் கழுகுங்களும் இதே கதைதான். உச்சிவேளைக்கு மலைமேல வந்து சோறு துன்னும், பறந்து பூடும். 1990களோட சோத்துக்கு வர்றதையும் நிறுத்திடுச்சுங்க. நீ ஒருத்தன்தான் தங்கறேன்னு வந்து நிக்கற. உன் தைரியத்த மெச்சணும்.

மாமல்லபுரத்துல நேரா ஒத்தவாடைத் தெருவுக்குப் போ. வெள்ளைக்காரப் புள்ளைங்க வந்து தங்கற சின்ன ரூமுங்க அந்தப் பக்கம்தான். சனி, ஞாயிறு மட்டும் போவாத. மெட்ராஸ்காரன் காரப் போட்டுக்கினு வந்து வாடகைய ஏத்திவுட்டுட்டுப் போவான். டிசம்பர் நாட்டிய விழா வந்தா மேடையில ஆடறாங்களோ இல்லையோ, வாடகை ஆடும். பாத்ரூம் கதவு சரியா சாத்தலன்னு சண்டைக்குப் போவாத. பஞ்ச ரதத்தப் பாரு, 7ஆம் நூற்றாண்டுல பல்லவன் தொடங்குன வேலை இன்னும் முடியல. கதவே இல்ல. அதுக்கே 1984ல யுனெஸ்கோக்காரன் பட்டம் குடுத்துட்டான்.

காசு எடுக்கறதுக்கு முன்னாடி நான் சொல்றதச் செய். குழாயத் தொறந்து வாய் கொப்பளி. கடலோரத்து போர் தண்ணி உப்பு கரிக்கும், சோப்பு நுரைக்காது. தாழ்ப்பாள உள்ளாண்ட போட்டுப் பாரு. ஃபேன் ஒண்ணுல வெச்சாலும் அஞ்சுல வெச்சாலும் ஒரே சுத்துதானான்னு பாரு. ஜன்னல் வலையில விரல வுடு. விரல் நுழைஞ்சா கொசு குடும்பத்தோட நுழையும். செக் அவுட் 24 மணி நேரமா, பகல் 12 மணியான்னு வாயத் தொறந்து கேளு. ராத்திரி 11 மணிக்கு வந்து படுத்துட்டு, மறுநாள் மத்தியானம் ரெண்டு நாள் வாடகை குடுத்தவன் மூஞ்சிய நான் பாத்துகீறேன், கண்கொள்ளாக் காட்சி. ஆதார் அட்டை கையில வெச்சிக்கோ. கூட வெளிநாட்டுச் சிநேகிதன் வந்தா பாஸ்போர்ட், விசா கேப்பாங்க. 24 மணி நேரத்துக்குள்ள லாட்ஜுக்காரங்க அரசாங்கத்துக்குத் தகவல் அனுப்பியாகணும். அதுக்குப் போயி மொறைக்காத.

பறவைங்களப் பாக்க வேடந்தாங்கல் போறியா? அங்க தங்க எடம் கம்மி. மதுராந்தகத்துலயோ செங்கல்பட்டுலயோ படுத்துட்டு விடியக்காலைல போ. ஆனா ஒரு ஊர்ல எப்பிடித் தங்கணும்னு அந்தப் பறவைங்ககிட்டதான் கத்துக்கணும். நவம்பர்ல இருந்து வந்து எறங்குது. ஏரிக்குள்ள நிக்கிற நீர்க்கடம்பு மரத்துல அதுவே கூடு கட்டிக்குது. வெந்நீர் கேக்கறதில்ல. அது போடுற எச்சம் தண்ணியில கலந்து வயலுக்குப் பாயுது, குடியானவனுக்கு உரச்செலவு மிச்சம். அதனாலதான் 18ஆம் நூற்றாண்டு கடைசியிலயே ஊர்க்காரங்க கலெக்டர் லயனல் பிளேஸ் துரைகிட்டப் போயி, பறவைங்கள யாரும் சுடக் கூடாதுன்னு உத்தரவு வாங்கினாங்க. நீ தங்குன லாட்ஜுல இன்னாத்த வுட்டுட்டு வந்த? ஈரத் துண்டும் காலி பாட்டிலும். உனக்காக எவனாவது உத்தரவு வாங்குவானா?

சரி, இன்னாத்துக்கு இம்மாம் அலைச்சல்? நம்ம வூட்டு மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது. கட்டில் கீது, ஃபேன் கீது. வாடகைய அப்புறம் பேசிக்கலாம், அட்வான்ஸ மட்டும் இப்பவே குடு.

இன்னாது, குழாயத் தொறந்து பாக்கணுமா? ஏம்பா, பெரியவன் சொல்றேன், நம்பிக்கை இல்லியா? எவன் உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?