கத்திரிக்காய்க்கு எழுவாய் யார்? பொன்மலை உணவு மறுப்புகளைப் பற்றிய ஒரு பிரெஞ்சு இலக்கண ஆய்வு

திருச்சியில் பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகளில் சிலர் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சை எடுப்பது மொழிக்காதலால் அன்று, மதிப்பெண் காதலால் என்பது ஊரறிந்த செய்தி. அதை நிறுவ ஆய்வு வேண்டியதில்லை. அறிஞர் கண்ணில் இதுவரை படாதது வேறொன்று. பெரும்பாலான பிரெஞ்சுப் பாடநூல்களில், வணக்கம் சொல்லி, பெயரும் வயதும் சொல்லி முடித்த கையோடு, எந்தச் சாப்பாடு பிடிக்கும், எது பிடிக்காது என்ற பாடம் வந்து நிற்கும். ‘ஜெம்’ என்றால் பிடிக்கும். ‘ஜெ நெம் பா’ என்றால் பிடிக்காது. ‘ஜாதோர்’ என்றால் உயிர். ‘ஜெ தெதெஸ்த்’ என்றால் வெறுக்கிறேன். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பையன், ‘ஜெ தெதெஸ்த் லேஸ் ஓபெர்ஜின்’, அதாவது ‘கத்திரிக்காயை நான் வெறுக்கிறேன்’ என்று எழுதி இங்கே மதிப்பெண் வாங்குகிறான். அந்த வாக்கியத்தை அவன் வீட்டு அடுப்படியில் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது வேறு. இந்த மதிப்பெண்ணின் இலக்கண, பண்பாட்டு விளைவுகளே இக்கட்டுரையின் பொருள்.

நம் துணிபு இது: உணவை மறுக்கும்போது தமிழர் எழுவாயில் உட்காருவதில்லை, பிரெஞ்சுப் பாடநூல் அவரைக் கையைப் பிடித்து இழுத்து அதில் உட்காரவைக்கிறது. ‘எனக்குக் கத்திரிக்காய் ஆகாது’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். இதில் எழுவாய் கத்திரிக்காய். ஆகாமல் போனது அதுதான். பேசுகிறவரோ நான்காம் வேற்றுமைக்குள் ஒதுங்கி, ‘கு’ உருபின் நிழலில் நின்று, நடப்பதை வேடிக்கை பார்க்கிறார். நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் அடுக்கும் பொருள்களில் கொடைக்கு அடுத்து நிற்பது பகை. பள்ளியில் இதற்குப் பாம்பையும் கீரியையும் காட்டுவார்கள். பாம்புக்குப் பகை கீரி என்றால் பாம்பின் மேல் குற்றமில்லை. அதைப் போலவே எனக்குப் பகை கத்திரிக்காய் என்றால் என் மேலும் குற்றமில்லை. ‘பிடிக்காது’, ‘சேராது’, ‘ஒத்துக்காது’, ‘தொண்டையில் இறங்காது’ என்று எதை எடுத்தாலும் இதே கட்டுமானம்தான். சாப்பிடாதவர் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். சாப்பிடப்படாதது குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

பொன்மலையைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே கொண்டுவந்த 1920களின் பிற்பகுதியிலிருந்து, பல ஊரும் பல மதமும் சேர்ந்த குடும்பங்கள், ஒரு வீட்டுத் தாளிப்பு அடுத்த வீட்டு மூக்கில் ஏறும் தொலைவில் குடியிருந்து வருகின்றன. ஆகவே இங்கே மறுப்பின் மாதிரிகள் செழிப்பாகக் கிடைக்கும். அவற்றை ஐந்து இனமாகப் பகுக்கலாம். முதலாவது உடம்பு: ‘பப்பாளி சூடு, உடம்புக்கு ஆகாது.’ இரண்டாவது நாள்: கிருத்திகை, அமாவாசை, புரட்டாசிச் சனி, தவக்கால வெள்ளி, ரம்ஜான் பகல். மூன்றாவது வீடு: ‘எங்க வீட்ல பூண்டு சேக்கறதில்ல.’ நான்காவது டாக்டர்: ‘சுகர், டாக்டர் வேண்டாம்னுட்டார்.’ ஐந்தாவது வேண்டுதல். இதற்கு மேலிடத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. காவிரிக்கு வடக்கே சமயபுரத்தில், பக்தர்களுக்காக மாரியம்மனே மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். தளிகை கிடையாது, நீர்மோர், பானகம், இளநீர், துள்ளுமாவுதான் நைவேத்தியம். ஐந்து இனத்தையும் உற்றுப் பார்த்தால், உடம்பு, நாள், வீடு, டாக்டர், சாமி என்று ஐந்து பொறுப்பாளர்கள் கிடைக்கிறார்கள். ‘நான்’ என்ற ஆறாவது ஆள் வருகைப் பதிவேட்டிலேயே இல்லை.

இனி பிரெஞ்சு. ‘ஜெ ந மாஞ்ஜ் பா த வியாந்த்’: நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. வாசலிலேயே ‘ஜெ’, நான், மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. போதாக்குறைக்கு மாணவர்களின் மதிப்பெண்ணை ஆண்டுதோறும் கரைக்கும் ஒரு விதியும் இங்கே இருக்கிறது. சோறு சாப்பிடுகிறேன் என்றால் ‘த்யூ ரி’. சாப்பிடவில்லை என்றால் ‘த்யூ’ உதிர்ந்து வெறும் ‘த’ ஆகிவிடும். ஆனால் பிடிக்கும், பிடிக்காது என்ற வினைகளில் ‘ல’ என்னும் முன்னொட்டுச் சொல் இரண்டு இடத்திலும் அசையாமல் நிற்கும். இதை மனப்பாடம் செய்பவர்கள் இதன் தத்துவத்தைக் கவனிப்பதில்லை. சாப்பிடாத பொருள் இலக்கணத்தில் தன் உருவத்தை இழந்து மறைகிறது. பிடிக்காத பொருள் முழு உருவத்தோடு தட்டிலேயே நிற்கிறது. கத்திரிக்காயை அறிந்த எவரும் இந்த விதி அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

பொன்மலைக்கும் பிரெஞ்சுக்கும் உள்ள உறவு பாடநூலில் தொடங்கவில்லை, சோற்றில் தொடங்கியது. திருச்சிக் கோட்டையை முற்றுகையிட வந்த பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, கடைசியில் ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கி, வரத்து அடைபட்டு, 1752 ஜூனில் சரணடைந்தார். மறு ஆண்டு மைசூர்ப் படையோடு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து, இந்தத் தடவை கோட்டைக்குள் தானியம் போகாமல் மறித்தார்கள். 1753 ஜூன் 26 அன்று பொன்மலைப் பாறையைப் பிடித்தார்கள். ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் ஆட்கள் ஏறிப்போய் அதே நாளில் மீட்டார்கள். வரலாற்று நூல்கள் இதைப் பாறைச் சண்டை என்று எழுதும். இக்கட்டுரை அரிசிச் சண்டை என்று எழுதுகிறது. முற்றுகை நம் துணிபுக்குச் சாதகமான சான்று என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கோட்டைக்குள் இருந்தவன் பட்டினி கிடக்கத் தீர்மானிக்கவில்லை, பட்டினி போடப்பட்டான். அவனும் எழுவாய் இல்லை. ஏழு மதில் சூழ்ந்த கோயில் தீவில் பாசறை போட்டிருந்த பிரெஞ்சுக்காரர் யாராவது ‘ஸான் ஓன்யோன் நி ஆய்’, வெங்காயமும் பூண்டும் இல்லாமல், என்று தம் மொழியில் சொல்லிப் பார்த்திருப்பாரா என்று கேட்கலாம். ராணுவ வரலாறு பீரங்கியை எண்ணும், ரசத்தை எண்ணாது.

முதல் மறுப்பு நடைமுறைவாதிகளிடமிருந்து வரும். இத்தனை சுற்று எதற்கு, ‘வெஜெதாரியேன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமே என்பார்கள். முடியாது, முட்டை குறுக்கே உருண்டு வரும். இந்தியச் சட்டப்படி முட்டை சேர்ந்த பண்டத்துக்குப் பச்சைப் புள்ளி கிடையாது, அது பழுப்புக் குறி வகை. பிரெஞ்சுக்காரரோ வெஜெதாரியேன் என்று கேட்டதும் ஆசையோடு ஆம்லெட் ஊற்றுவார். சரி, இன்னும் கண்டிப்பான ‘வெஜெதாலியேன்’ என்று சொன்னால் முட்டை போகும், கூடவே பாலும் போகும். தயிர்சாதம் இல்லாத ஊரில் ஸ்ரீரங்கத்துக்காரர் எத்தனை நாள் தாங்குவார்? சீஸ் சாப்பிடலாமென்றால், கமாம்பேர் போன்ற மரபுச் சீஸ்களில் பாலை உறையவைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள். ‘சைவம்’ என்ற நம் சொல் மட்டும் ஒழுங்கா என்றும் கேட்பார்கள். ஒழுங்கில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். பரம்பரை வைணவர் ஓட்டல் வாசலில் ‘சைவமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். பல நூற்றாண்டுச் சமய வாதம் அந்த வாசலில் செருப்போடு கழன்றுவிடுகிறது. ஆனால் அங்கேயும் அவர் ‘நான் சைவமா?’ என்று கேட்கவில்லை. ஓட்டல் சைவமா என்றுதான் கேட்கிறார். எழுவாய் ஓட்டல்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. நாள் பார்த்துச் சாப்பிடுவது தமிழருக்கு மட்டும் உரியதா, பிரெஞ்சுக்காரருக்கும் ‘ஃபேர் மேக்ர்’ என்று வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் இறைச்சி விடும் வழக்கம் உண்டே என்பது. உண்டு. ‘வியாந்த்’ என்ற சொல்லே முன்பு உணவு என்று பொதுவாகக் குறித்து, பிறகுதான் இறைச்சி என்று சுருங்கியது. தவக்காலத்தில் மீன் உண்ணலாம். மீனின் பட்டியலில் மாக்ரேஸ் என்ற கடல்வாத்தையும் சேர்த்துக்கொண்ட சாமர்த்தியம் அவர்களுடையது. ஏகாதசிக்கு அரிசியை மட்டும் விலக்கிவிட்டுக் கோதுமை ரவை உப்புமாவை ‘பலகாரம்’ என்று கணக்கில் எழுதும் நம் வீடுகள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. கடல்வாத்தும் உப்புமாவும் ஒரே பள்ளியில் படித்தவை. இன்று பிரான்சில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பள்ளிச் சாப்பாட்டுக்கூடங்களில் வாரம் ஒரு வேளை இறைச்சியும் மீனும் இல்லாத உணவைக் கொண்டுவந்திருக்கிறது. 2019 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. புரட்டாசி இல்லாத நாட்டில் புரட்டாசியைச் சட்டமாகத்தான் போட முடியும். ஆக, நாளை எழுவாயாக்கும் வழக்கம் அவர்களுக்கும் தெரியும். பாடநூல்தான் அதைச் சொல்லித் தருவதில்லை.

மூன்றாவது மறுப்பு நம் துணிபையே திருத்தச் சொல்கிறது, திருத்துகிறோம். ‘ஸா ந ம ரெயுஸ்ஸி பா’ என்று பிரெஞ்சில் ஒரு தொடர் உண்டு. ‘அது எனக்கு ஒத்துக்கொள்வதில்லை’ என்பதுதான் பொருள். உணவு எழுவாய், ஆள் நான்காம் வேற்றுமை. அசல் பொன்மலைக் கட்டுமானம். சாக்லேட்டை அளவில்லாமல் தின்றுவிட்டு ‘கிரீஸ் த ஃபுவா’ என்று கல்லீரல் மேல் பழி போடும் வழக்கமும் அவர்களுக்கு இருக்கிறது. நாம் பித்தம் என்போம். எனவே பிரெஞ்சு மொழிக்கு ஒதுங்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஒதுங்குவதை அது பெரியவர்களுக்கு வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு ‘நான் வெறுக்கிறேன்’ என்பதை முதலில் கற்பிக்கிறது. நாம் ஒதுங்குவதை முதலில் கற்பிக்கிறோம். வேறுபாடு இலக்கணத்தில் இல்லை, பாட வரிசையில் இருக்கிறது.

இந்த வரிசைக்குக் காரணம் என்ன? மறுப்பைக் கேட்கும் காது யாருடையது என்பதே காரணம். பாடநூலில் கேள்வி கேட்பவர் சமைத்தவர் இல்லை. ‘வெறுக்கிறேன்’ என்றாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. இலை முன்னால் கரண்டியோடு நிற்பவர் சமைத்தவர். அவரிடம் ‘பிடிக்காது’ என்றால் கத்திரிக்காயும் அவர் கைப்பக்குவமும் ஒரே சொல்லில் அடிபடும். ஆகையால்தான் உடம்பும் நாளும் டாக்டரும் சாமியும் முறைவைத்து நடுவில் வந்து நிற்கிறார்கள். பந்தியில் முதல் ‘வேண்டாம்’ உபசாரம், இரண்டாவது சந்தேகம், கையை இலைக்கு மேல் குடையாகப் பிடித்தால்தான் பதில். பிரெஞ்சு மேசையில் ‘இன்னும் கொஞ்சம்?’ என்பதற்கு வெறும் ‘மெர்ஸி’ என்றாலே வேண்டாம் என்று பொருள். பாத்திரம் அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிடும். நன்றி சொல்லிவிட்டு இரண்டாவது உபசரிப்புக்குக் காத்திருக்கும் பொன்மலைக்காரர் அங்கே பசியோடு எழுந்திருப்பார்.

கடைசியாக ஒரு சொல்லாய்வு. ‘ஓபெர்ஜின்’ என்ற பிரெஞ்சுச் சொல் கத்தலான், அரபு, பாரசீகம் வழியாகப் பின்னோக்கிப் போய் வடமொழியைத் தொடுகிறது. அதற்கும் அப்பால் அதன் வேர் திராவிடத்தில், நம் பழைய ‘வழுதுணங்காய்’ இருக்கும் குடும்பத்தில் இருக்கலாம் என்று கருதும் மொழிநூலார் உண்டு. அப்படியானால் மாணவன் பரீட்சைத் தாளில் வெறுத்தது அந்நியச் சரக்கை இல்லை. உலகம் சுற்றித் திரும்பி வந்த உள்ளூர்க் காயை. அன்று சாயங்காலம் அவன் வீடு திரும்பும்போது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய அதே காய் எண்ணெய்க் குழம்பாகி அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். காலையில் முழு மதிப்பெண்ணுக்கு எழுதிய ‘ஜெ’ அவன் நாக்கு நுனி வரை வரும். அம்மா கரண்டியோடு திரும்பிப் பார்ப்பார். ‘வயிறு சரியில்லம்மா’ என்பான். எழுவாய் வயிறு, பயனிலை சரியில்லை. குழம்பு தப்பும், அம்மாவின் கைப்பக்குவமும் தப்பும், மோர்சாதம் வரும், பின்னாலேயே ஒரு டம்ளர் ஓமத்தண்ணீரும் வரும். அதையும் அவன் குடித்தாக வேண்டும். ‘நான்’ என்று சொல்லாமல் தப்பிப்பதற்குத் தமிழ் வாங்கும் கட்டணம் அவ்வளவுதான்.