திருகினால் தூக்கும்

காவிரிப் பாலத்தில் என்னை முந்திப் போனவர்களின் பட்டியலைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள். என் மனைவி ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள். முதலில் ஸ்கூட்டியில் ஒரு டீச்சரம்மா. அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ, அதற்குள் பதினோரு பேர். கடைசியாக, இரண்டு பக்கமும் இளநீர்க் குலை தொங்க ஒரு எக்ஸ்எல். அந்த மனிதர் முந்தியதோடு போயிருக்கலாம். வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்து, “பெட்ரோல் இருக்கா சார்?” என்று அக்கறையாகக் கேட்டார்.

நான் ஓட்டிக்கொண்டிருந்தது ஆர்எக்ஸ் 100.

இந்தப் பெயரைக் கேட்டதும் ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அதாவது ஒன்பது கிலோ சொச்சத்துக்கு ஒரு குதிரை. நானும் என் மனைவியும் ஏறி உட்கார்ந்தால் ஒரு குதிரைக்கு எத்தனை கிலோ என்று கணக்குப் போடலாம்தான். அவள் முன்னால் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

கல்லூரியில் படித்தபோது அறைத்தோழன் ஒருவனிடம் இந்த வண்டி இருந்தது. தினமும் காலையில் அதைத் துடைத்துக் கொடுப்பேன். பதிலுக்குச் சனிக்கிழமை பின்சீட்டில் உட்கார வைப்பான். முப்பது வருஷம் கழித்து முன்சீட்டு கிடைத்தது, 65 ஆயிரம் ரூபாய்க்கு. விற்றவர் சாவியைக் கையில் வைத்துவிட்டு, “திருகுனா தூக்கும் சார், பாத்து” என்றார். தூக்கவும் தூக்கியது. ஒரு மாதம்.

அப்புறம் பிக்கப் போய்விட்டது. ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி யோசிக்கும். சாப்பிடக் கூப்பிட்டால் மாடி அறையிலிருந்து “தோ வர்றேன்” என்று குரல் கொடுக்கும் மகன் மாதிரி. சத்தம் வரும், ஆள் வரமாட்டான். பின்னால் புகை மட்டும் ஒரே பரபரப்பாக வரும்.

வைத்தியத்தை நானே ஆரம்பித்தேன். நியாயமாகச் சொன்னால், வண்டியை வாங்கிய மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிய வேண்டும். இந்த வண்டியில் அதற்கென்று தனி டேங்க், தனி பம்ப். நாம் திருகுகிற அளவுக்கு ஏற்ப அதுவே ஆயிலை ஊட்டிக்கொள்ளும். விற்றவர் இதைத் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் முப்பது வருஷத்துக் கிழட்டுப் பம்பை எப்படி நம்புவது? அப்பாவின் பழைய ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் பங்க்கில் ஆயில் கலந்து ஊற்றியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எதற்கும் இருக்கட்டும் என்று, இருமல் மருந்தின் அளவு மூடியில் மூன்று மூடி, லிட்டருக்கு 30 மில்லி, பெட்ரோலிலும் கலந்தேன். பம்ப் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

பிக்கப்பும் போய்விடவே ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் பேப்பரை விரித்துக் கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே மெயின் ஜெட் என்று பட்டாணி அளவுக்கு ஒரு பித்தளைத் திருகு. நடுவில் பொடி ஓட்டை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடைப்பு மாதிரி தெரிந்தது. வீட்டுக்குள் பார்த்து மனைவிக்குக் குரல் கொடுத்தேன். தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, “வளைக்காம திருப்பிக் கொடுங்க” என்று கொடுத்தாள். குடைந்தேன். நன்றாகவே குடைந்தேன். ஊக்கும் வளைந்தது. கூடவே இன்னொன்றும் செய்தேன். கார்புரேட்டர் ஊசியின் தலைப்பக்கம் வரிசையாகச் சில பள்ளங்கள், ஒன்றில் ஒரு குட்டிக் கிளிப். அதைக் கடைசிப் பள்ளத்துக்கு இறக்கினால் ஊசி தூக்கி நிற்கும், பெட்ரோல் கூடுதலாகப் போகும். பாவம், பசியாக இருக்கும் என்று இறக்கி வைத்தேன்.

மறுநாள் நான் தெருமுனை திரும்பும்போதே எதிர்வீட்டுப் பெரியவர் சன்னலைச் சாத்தினார். கொசு மருந்து வண்டி என்று நினைத்தாராம். “ஒரு காலத்துல சங்கிலி பறிக்கறவன்லாம் இந்த வண்டிதான் வச்சிருப்பான்னு சொல்வாங்க. உங்க வண்டியில பறிச்சா போலீஸ் நடந்தே வந்து பிடிச்சிடும்” என்றார்.

கடைசியில் பாலக்கரையில் ஒரு பாயிடம் போனேன். ஆர்எக்ஸ் என்றால் அவர்தான் என்றார்கள். வண்டியை ஒருமுறை முறுக்கிக் கேட்டார். பிளக்கைக் கழற்றினார். பிளக்கைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“நல்லா எரியற வண்டியில பிளக் காபிப்பொடி கலர்ல இருக்கணும். இது என்ன சார், கண்மை மாதிரி இருக்கு? பெட்ரோல்ல ஆயில் கலக்குறீங்களா?”

“கொஞ்சம்.”

“பம்ப் வேலை செய்யுதே?”

“அதுவும் செய்யுது.”

சைலன்சருக்குள்ளிருந்து உள்குழாயை உருவினார். அடிப்பிடித்த வத்தக்குழம்புச் சட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி கரி. புகை வெளியே போக வழியில்லாமல் வண்டிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஜெட்டைக் கழற்றிச் சூரியனுக்கு நேரே பிடித்தவர், “இதுல எதை விட்டுக் குடைஞ்சீங்க?” என்றார். சொன்னேன். பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பையன் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சரி, எவ்வளவு வேகத்துல போவீங்க?”

“முப்பது. ரோடு காலியா இருந்தா முப்பத்தஞ்சு.”

“எந்த கியர்ல?”

“நாலுலதான்.”

பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். “இது குதிரை சார். நீங்க கோயில் மாடு மாதிரி ஓட்டிட்டுப் போறீங்க. இந்த வேகத்துல ஓட்டுனா கரி எப்படி எரியும்? தங்குது.”

உள்குழாயை நெருப்பில் போட்டுச் சிவக்கச் சிவக்கக் கரியை எரித்துத் தட்டினார். புது ஜெட் போட்டார். கிளிப்பை நடுப் பள்ளத்துக்கு ஏற்றினார். டேங்க்கில் இருந்த என் கஷாயத்தை வடித்துவிட்டு வெறும் பெட்ரோல் ஊற்றினார். கூலி 900 ரூபாய். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். “நீங்க தொடறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படி வச்சிருக்கேன்” என்றார். வாரம் ஒருமுறை பெரிய ரோட்டில் விட்டு நன்றாகத் திருகச் சொன்னார்.

ஞாயிறு விடிகாலை தஞ்சாவூர் ரோட்டில் திருகினேன். தூக்கியது. என் வயிறு மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. முள் அறுபதைத் தொட்டபோது “அம்மா!” என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் கத்தியதால் எனக்கு மட்டும்தான் கேட்டது.

திரும்பும்போது பாலத்தருகே அந்த இளநீர்க்காரரை முந்திவிட்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி இளநீர் சீவிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று டூ டி ஆயில் ஒரு டஜன் பாட்டில் வாங்கி வைத்தேன். ஒன்பது பாக்கி. பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் பாதி விலைக்குத் தருகிறேன், வாருங்கள். வரும்போது வளையாத ஊக்கு ஒன்று கொண்டுவந்தால் உபகாரமாக இருக்கும்.