மலையின் தலை காணாமற்போதல்: ஒரு சிற்றாராய்ச்சி

மூடுபனி எனப்படுவது தரையைத் தொடும் மேகம். தாழ்படை மேகம் எனப்படுவது தரையைத் தொடாத மூடுபனி. ஒன்றை அறிய மற்றொன்றை முன்பே அறிந்திருக்க வேண்டும் போலிருக்கிறதே என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானது. விடை, கேட்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

காளப்பநாயக்கன்பட்டி, நாமக்கல்லிலிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்குப் போகும் தடத்தில் உள்ள பேரூராட்சி. ஊர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. மலைமேல் உள்ள ஊர்கள் 1,000 மீட்டரும் அதற்கு மேலும். மார்கழிக் காலையில் இங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்த்து, "மேகம் இறங்கியிருக்கு" என்கிறார். அதே நேரம் மலைமேல் சோளக்காட்டில் வாழைத்தார் ஏற்றுபவர், "ஒரே பனி, ஆளே தெரியல" என்கிறார். இருவரும் சொல்வது ஒரே பொருளைப் பற்றி. இருவர் கூற்றும் மெய். இடையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் கிடப்பதே கருத்து வேற்றுமைக்குக் காரணம் என்க.

லண்டனில் மருந்து தயாரித்து விற்றுவந்த லூக் ஹோவர்ட் 1802இல் மேகங்களுக்குப் பெயர் வைத்தபோது, தரையில் தவழும் பனியையும் படைமேகத்திலேயே சேர்த்திருந்தார். அவர் கொல்லிமலைக்கு வராமலே இதைச் சரியாகச் சொன்னது வியப்புக்குரியது. பின்வந்தோர் பாகப்பிரிவினை செய்து, 1,000 மீட்டரில் எல்லைக்கல் நட்டார்கள்: கிடைமட்டத்தில் அந்தத் தூரம்கூடத் தெரியாவிட்டால் மூடுபனி, அதற்கு மேல் தெரிந்தால் வெறும் பனிமூட்டம். இந்திய வானிலைத் துறை உள்ளேயும் வகுத்திருக்கிறது. 200 மீட்டருக்குள் பார்வை அடங்கினால் அடர்ந்தது, 50 மீட்டருக்குள் அடங்கினால் மிக அடர்ந்தது. மலைப்பாதையில் இதை அளக்கக் கருவி வேண்டியதில்லை. ஒவ்வொரு வளைவிலும் 35/70, 36/70 என்று எண் எழுதிய பலகை இருக்கிறது. இந்தப் பலகையில் நின்று அடுத்த பலகை தெரிகிறதா என்று பார்த்தால் போதும். வளைவுக்கு வளைவு தூரம் மாறுவதால் இது சீரான அளவை அன்று. ஆயினும் ஓட்டுநர்கள் யாரும் புகார் சொன்னதில்லை. அவர்கள் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்து, லைட்டை டிம்மில் வைத்துப் போகிறார்கள். பிரைட் போட்டால் வெளிச்சம் துளிகளில் பட்டு அவர்கள் முகத்துக்கே திரும்பும்.

சங்கப் புலவர்கள் இம்மலையின் கொல்லிப்பாவையைப் பாடினார்கள். பாவை எத்தனை மீட்டர் தொலைவில் மங்கியது என்று குறித்து வைக்கவில்லை. அந்தக் குறையை 1924இல் ஜெர்மானியர் கோஷ்மீடர் தீர்த்தார். கரிய பொருள் ஒன்றுக்கும் அதன் பின்னுள்ள வானத்துக்கும் உள்ள வேறுபாடு 2 சதவீதமாகத் தேயும் தூரமே பார்வைத் தூரம் என்றார். காளப்பநாயக்கன்பட்டியில் கிடைக்கும் கரிய பொருள் எருமை. நிறம் பொருந்துகிறது, ஒரே இடத்தில் நிற்பதில்லை.

இனி உற்பத்தி. சமவெளிக் காற்று சரிவில் முட்டி மேலேறும்போது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். காற்றின் வெப்பத்துக்கும், ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பமான பனிநிலைக்கும் உள்ள இடைவெளியில் டிகிரிக்கு 125 மீட்டர் என்று கணக்கிட்டால், மேகத்தின் அடி எங்கே தொடங்கும் என்பது கிடைக்கும். அடிவாரத்தில் இடைவெளி 6 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 750 மீட்டர் ஏறவேண்டும். ஊரின் 200 சொச்சத்தையும் கூட்டினால் சுமார் 1,000. அதாவது, மேகம் சரியாகச் சோளக்காட்டுக்காரர் வீட்டு வாசலில் தொடங்குகிறது. இதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. தண்ணீரும் அதிகமில்லை: கன மீட்டருக்குக் கிராமில் பத்தில் ஒரு பங்கு என்றால், ஒரு பேருந்து நிறைய மூடுபனியை அடைத்தாலும் தேறுவது ஒரு தேக்கரண்டி சொச்சம். அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துளிகளாகச் சிதறி நிற்பதால்தான் மலையையே மறைக்கிறது.

இந்த மூடுபனியைக் கண்டுபிடிக்க 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோள் நிற்கிறது, 2016இல் ஏவியது. இரவில் அதன் முறை நுட்பமானது. சிறு துளிகள் 10.8 மைக்ரான் அலையில் வெப்பத்தைத் தாராளமாக வெளியிடும், 3.9 மைக்ரானில் கஞ்சத்தனம் காட்டும். இரண்டு அலையிலும் வெப்பநிலையைப் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், வெறுந்தரையில் பெரிய வித்தியாசம் வராது, துளிகள் உள்ள இடத்தில் வரும். விடிந்ததும் வெயில் 3.9 மைக்ரானில் பட்டுத் தெறிப்பதால் இந்தக் கழித்தல் கணக்கு குழம்பிவிடும். மேலே வேறு உயர்மேகம் போர்த்தியிருந்தால் எந்த வேளையிலும் ஒன்றும் தெரியாது. வெப்பப் படத்தின் ஒரு புள்ளி 4 கிலோமீட்டர் அகலம்; 70 வளைவுகளும் சில புள்ளிகளுக்குள் சுருண்டுவிடும்.

இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத குறை வேறு. செயற்கைக்கோள் மேகத்தின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. அடி தரையில் கிடக்கிறதா, 300 மீட்டர் மேலே தொங்குகிறதா என்று அதற்குத் தெரியாது. அதனால் அறிஞர்கள் இரண்டையும் ஒரு சாய்கோடு போட்டு 'மூடுபனி / தாழ்படை மேகம்' என்று சேர்த்தே எழுதுகிறார்கள். அந்தச் சாய்கோட்டை நீக்கும் வசதி டீக்கடை பெஞ்சில் இருக்கிறது. மலை முழுதும் தெரிந்தால் இரண்டும் இல்லை. உடம்பு தெரிந்து தலை தெரியாவிட்டால் நமக்கு மேகம், மேலே பனி. மலையே இல்லையென்றால் ஊருக்குள்ளேயே பனி இறங்கியிருக்கிறது. அது தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள நீண்ட இரவில் தரை குளிர்ந்து பிறப்பது, வேறு சாதி. விமான நிலையங்களில் மேகத்தின் அடியை அளக்க லேசர் ஒளியை மேலே அனுப்பித் திரும்ப வாங்குகிறார்கள். பெஞ்சின் வாடகை ஒரு டீ.

வெயில் ஏற ஏறத் தரை சூடாகி மேகம் அடியிலிருந்து கரையும். அப்போது சோளக்காட்டில் மூடுபனியாக இருந்தது, அங்குலமும் நகராமல் தாழ்படை மேகமாகிவிடும். இதற்கு அறிவிப்பு எதுவும் வருவதில்லை.

மூன்றாவது வகை ஒன்றையும் சேர்ப்பது கடமை. நிறைந்த பேருந்து குளிருக்குள் ஏறும்போது பயணிகளின் மூச்சு கண்ணாடியில் படிந்து, வெளியே பளிச்சென்றிருந்தாலும் "செம பனி" என்று சொல்லவைக்கும். உலக வானிலை அமைப்பின் பட்டியலில் இது இல்லை. கண்டறியும் முறை: விரலால் கண்ணாடியில் ஒரு கோடு இழுக்கவும். கோட்டின் வழியே அடுத்த வளைவின் பலகை தெரிந்தால், பனி பேருந்துக்கு உள்ளே இருக்கிறது. ஜன்னலோர இருக்கை கிடைத்தவருக்கே இம்முறை கைகூடும். நின்றுகொண்டு வருபவர்கள் நடத்துனரைக் கேட்டுக்கொள்ளவும்.