பெரியவர் தலை நிமிர்ந்தார்

அரியலூரை 2001 ஜனவரியில் தனி மாவட்டமாக உயர்த்தினார்கள். 2002-ல் இறக்கிப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் திரும்பவும் உயர்த்தினார்கள். அந்தப் பெரம்பலூரே 1995-ல்தான் திருச்சியை விட்டுப் பிரிந்து வந்தது. இன்னும் பின்னால் போனால் ஏழெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மண்ணே கடலுக்கடியில் கிடந்திருக்கிறது. நிலவியல்காரர்கள் ஒரு பாறைத் தொகுதிக்கே எங்கள் ஊர்ப் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆக, ஏற்றுவதும் இறக்குவதும் எங்களுக்குப் புதிதே இல்லை. அப்படியிருந்தும், என் வண்டியின் முன்பக்கத்தை ஓரங்குலம் ஏற்றப் போகிறேன் என்று சொன்னதும் தெருவே கூடிவிட்டது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். வயது இருபதைத் தாண்டிவிட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்வதாக இல்லை. வயசான காலத்தில் முன்பக்கம் தொய்வது இயற்கை, அதற்குப் போய்க் கம்பெனியைச் சந்திக்கு இழுப்பது நியாயமில்லை. வீட்டில் அதற்குப் 'பெரியவர்' என்று பெயர். மரியாதை முழுக்க உண்டு. "பெரியவர் இன்னைக்கு எந்திரிக்க மாட்டேங்கிறார், ஆட்டோவுக்குச் சொல்லுங்க" என்று என் மனைவி சொல்வதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர், நலம் விசாரிக்க ஆப்பிளோடு வந்திருக்கிறார்.

அரியலூரில் மலை கிடையாது. மலை வேண்டுமென்றால் பெரம்பலூரைத் தாண்டிப் பச்சைமலைக்குப் போகவேண்டும். "பின்னே எதுக்குய்யா உனக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி?" என்று கேட்காத ஆளில்லை. கேட்பவர்கள் ஐப்பசி மழையில் எங்கள் கரிசல் காட்டுக்குள் ஒரு தடவை இறங்கிப் பார்க்கட்டும். செருப்பு காட்டுக்கு, கால் மட்டும் வீட்டுக்கு. சோளமும் பருத்தியும் விளைகிற அந்த மண்ணில் மாட்டிய டிராக்டரையே இன்னொரு டிராக்டர் வந்து இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த விளக்கமெல்லாம் வெளியாருக்கு. கியர் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கியர் இருப்பதைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன் என்பது என் மனைவிக்கு அன்றைக்கே தெரியும்.

பெரியவர் தலை கவிழ்ந்து நிற்கத் தொடங்கியது எப்போது என்று சொல்ல முடியாது, ஒரே நாளில் வந்ததில்லை. கண்டுபிடித்தது எங்கள் தெரு வேகத்தடை. வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பெரிய அகலம், மெல்லிய மேடு, ஏறி இறங்குவதே தெரியக்கூடாது. எங்கள் தெருவில் ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்டைக் கொட்டி, உயரத்தையும் ஏறக்குறைய அதே அளவில் வைத்துவிட்டார்கள். ஊரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள், சிக்கனம் பிடிப்பானேன் என்று நினைத்திருக்கலாம். பெரியவர் அதில் ஏறி இறங்கும்போதெல்லாம் அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது.

முதல் யோசனை சித்தப்பாவிடமிருந்து வந்தது. சுண்ணாம்புக்கல் குவாரிகளில் ஜீப் ஓட்டிய கை. "ஒண்ணுமில்லடா, முன்னாடி ஒரு பட்டை சேர்த்துக் கட்டுனா நிமிர்ந்துக்கும்" என்றார். அவர் ஓட்டிய பழைய மஹிந்திரா ஜீப்புக்கு முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங்தான். தொய்ந்தால் பட்டறையில் கழற்றிப்போட்டு, வளைவைத் திருத்தி, ஒரு பட்டை கூட்டி, யூ போல்ட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. சித்தப்பா துண்டை விரித்துப் பெரியவருக்கு அடியில் படுத்தார். வெகுநேரம் தேடினார். வெளியே வந்து, "பட்டையைக் காணோம். ஸ்பிரிங்கையும் காணோம். உன்னை ஏமாத்திட்டானுங்க" என்று தீர்ப்பு சொன்னார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. முன்பக்கம் பட்டையும் இல்லை, சுருள் ஸ்பிரிங்கும் இல்லை. இருப்பது டார்ஷன் பார். சேஸை ஒட்டி நீளவாக்கில், பக்கத்துக்கு ஒன்றாகக் கிடக்கிற இரும்புக் கம்பி. ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் மாட்டியிருக்கும், மறுமுனை வண்டியின் நடுவில் சேஸ் குறுக்குச் சட்டத்தில் பிடித்திருக்கும். சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும், பிறகு முறுக்கு அவிழ்ந்து சக்கரத்தைக் கீழே தள்ளும். குளத்தங்கரையில் ஈர வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவார்களே, அதில் ஒருவர் கையை அசைக்காமல் நின்றால் எப்படியோ அப்படி. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1934-ல் பிரான்சில் சிட்ரோயன் தன் காரில் போட்டது. நம் நாட்டில் 1991-ல் வந்த டாடா சியரா, 1994-ல் வந்த சுமோ, 1998-ல் வந்த சஃபாரி எல்லாம் முன்னால் இந்த ரகம். ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கியும், டி-72 டாங்கியும் இப்படி முறுக்குகிற கம்பிகளின் மேல்தான் ஓடின.

டாங்கி விஷயத்தை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "டாங்கி எதிரியைத் தேடிப் போகணும், நமக்கு வாசல்லயே இருக்கு" என்று வேகத்தடையைக் காட்டிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டார்.

இந்தக் கம்பியில் ஒரு வசதி உண்டு. சேஸ் பக்கத்து முனையில் ஒரு சிறு ஆர்மும், அதைத் தள்ளிப் பிடிக்க ஒரு நீளப் போல்ட்டும் வைத்திருப்பார்கள். போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். செலவில்லை, உதிரிபாகம் வாங்க வேண்டியதில்லை. இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் ஆபத்து. ஸ்பானர் வைத்திருக்கிற எவனும் நிபுணனாகிவிடுகிறான். என் மச்சான் ஆகிவிட்டான்.

"மாமா, நாலு சுத்து முறுக்குனா சும்மா கிண்ணுனு ஆயிடும். சுண்ணாம்புக்கல் லாரிக்கு நிகரா நிக்கும்" என்றான். எங்கள் ஊரில் லாரிதான் உயரத்துக்கு அளவுகோல். நாளெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் வெள்ளைத் தூசி குடித்துக்கொண்டு போகிறவனுக்கு, அந்த டிரைவரின் கண்மட்டத்தில் உட்காரவேண்டும் என்கிற ஆசை வருவது இயல்பு. ஆனால் 'கிண்ணுனு ஆயிடும்' என்பதில் மெக்கானிக் பாய்க்கு உடன்பாடில்லை.

பாய் பேசுவது குறைவு. "முறுக்குனா கம்பி பலமாவாது தம்பி. ஒசரம்தான் ஆவும்" என்றார். மச்சான் நம்பவில்லை. கணக்கு பாய் பக்கம்தான். கம்பியின் விறைப்பு அதன் இரும்பையும் நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது. பத்து சதவீதம் தடித்த கம்பியைப் போட்டால் விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடிவிடும். போல்ட்டைச் சுற்றுவதால் கம்பி தடிப்பதில்லை, முறுக்குத் தொடங்கும் இடம் மட்டும் மாறுகிறது. ஏற்றிய வண்டி ஓட்டும்போது கட்டையாக இடிக்கிறதே என்றால் அதற்குக் காரணம் வேறு. சக்கரத்துக்கு மேலே போகக் கொஞ்சம் இடம், கீழே தொங்கக் கொஞ்சம் இடம் என்று மொத்த அளவு ஒன்றுதான். முன்பக்கத்தை ஏற்றினால் மேல்வழி கூடும், அந்த அளவுக்குக் கீழ்வழி குறையும். பிறகு குழியில் சக்கரம் இறங்கப் பார்க்கும், இடமிருக்காது, ஆர்ம் போய் ரப்பர் கட்டையில் 'டங்' என்று மோதும். அதைத்தான் நம் ஆட்கள் பலம் என்று நினைத்துப் பூரிக்கிறார்கள்.

"வேகத்தடைக்கு ஒசரம் வேணும், குழிக்கு எறக்கம் வேணும். உங்க ரோட்டுல எது ஜாஸ்தி?" என்று பாய் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. இரண்டும் ஜாஸ்தி.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் ஆக்சில் தண்டு போகிறது. வண்டியை ரொம்பத் தூக்கினால் அந்தத் தண்டின் சாய்வு கூடி, ஜாயிண்ட் திணறும், அதை மூடிய பூட் ரப்பர் கிழியும், கிரீஸ் தெறிக்கும். கிழிந்த ரப்பருக்குள் எங்கள் ஊர்ச் சுண்ணாம்புத் தூசி போனால் ஜாயிண்ட்டின் கதி என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கம்பெனி கொடுத்த உயரத்துக்குக் கொண்டுபோவோம், அதற்குமேல் வேண்டாம் என்று முடிவானது. மச்சான் முகம் பெரியவரைவிடத் தொய்ந்தது.

அளவு எடுக்கும் படலம் வந்தது. சமதரை வேண்டும். அரியலூரில் சமதரை தேடியது தனிக்கதை, கடைசியில் ஒரு நெல் காயவைக்கும் களத்தில் நிறுத்தினோம். மச்சான் டேப்பைத் தரையிலிருந்து பம்பருக்குப் பிடித்தான். பாய் பிடுங்கிக்கொண்டார். டயரில் காற்று கம்மியானால் அந்த அளவும் கம்மியாகும். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் டயர் குறுக்கே வராது. வலது பக்கம் இரண்டு விரல் கம்மி. ஏன் என்று நான் கேட்டேன். பாய் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "டிரைவர் சைடு அது" என்றார். பிறகு வேலையைக் கவனித்தார்.

போல்ட்டில் முதலில் பெயிண்ட்டால் ஒரு அடையாளம். துருவுக்கு முந்தின நாள் ராத்திரியே எண்ணெய். ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைத் தொங்கவிட்ட பிறகுதான் ஸ்பானர். பாரம் இருக்கும்போதே முறுக்கினால் போல்ட்டின் புரி போய்விடும். புரி போனால் கம்பியின் கோபமெல்லாம் முகத்துக்கு நேரே அவிழும். இந்த இடத்தில் பாய் எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். யோசனை சொல்ல வந்த கூட்டம் முதல்முறையாக வாயை மூடியது.

ஜாக்கியை இறக்கினோம். பெரியவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மாப்பிள்ளைக் கம்பீரம். மச்சான் உடனே படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். "அவசரப்படாத, ஒரு நடை ஓட்டிட்டு வா" என்றார் பாய். ஜாக்கியிலிருந்து இறங்கும்போது சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நிற்கும், நாலு அடி உருண்டால்தான் அகன்று தம் இடத்துக்கு வரும். களத்தை ஒரு சுற்று சுற்றி வந்ததில் கம்பீரத்தில் பாதி கரைந்திருந்தது. திரும்ப அளவு, திரும்ப ஜாக்கி, திரும்ப ஒரு சுற்று. ஒரு பக்கத்தைத் தொட்டால் மறுபக்கமும் கொஞ்சம் அசையும், அதனால் வலதைத் திருத்தி இடதைத் திருத்தி மறுபடி வலதுக்கு வரவேண்டும். பொழுது சாய்ந்தபோது இரண்டு பக்கமும் ஒரே அளவில் நின்றன. என்னை உள்ளே உட்காரவைத்து அளந்த அளவு அது. இறங்கினால் வலது பக்கம் கொஞ்சம் கூடும். பாய் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை, மற்ற எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிரவே திருச்சி ரோட்டில் ஒரு ஓட்டம். எதிரில் வந்த பஸ், லாரி, டிராக்டர் எல்லாம் எனக்கு லைட் அடித்தன. ஊரெல்லாம் பெரியவரை அடையாளம் கண்டுகொண்டது என்று பூரித்துக் கை காட்டினேன். மூக்கு ஏறினால் ஹெட்லைட்டும் கூடவே ஏறும், எதிரில் வருகிறவன் கண்ணில் போய் விழும் என்பதை மனைவி பக்கத்திலிருந்து சொன்னார். மறுநாள் ஹெட்லைட்டை இறக்கி, வீல் அலைன்மெண்டும் பார்த்தோம். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் திசையும் மாறும், விட்டால் புது டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்து தீர்ந்துவிடும். ஆக, செலவில்லாத வேலைக்குச் செலவு வந்து சேர்ந்தது.

இப்போது முன்பக்கம் நிமிர்ந்துவிட்டதால் பின்பக்கம் உட்கார்ந்தாற்போல் தெரிகிறது. நேற்று சித்தப்பா துண்டோடு வந்தார். பின்னால் போய்ப் படுத்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"இங்க பட்டை இருக்குடா!"